ரூட் 66-ம் ஒரு டிரைவர் தொப்பியும்

நேற்று அந்தப் பயணக் குழுவில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ரூட் 66 நெடுஞ்சாலைக்கு நூறு வயதாம், நீண்ட பதிவு, ஒரே கொண்டாட்டம். சிகாகோவிலிருந்து சாண்டா மோனிகா வரை 'சுதந்திரச் சாலை'யாம். யாருக்குச் சுதந்திரம் என்று ஒரே ஒரு வரி கேட்டேன். கமென்ட்டை அட்மின் தூக்கிவிட்டார். "இங்கே அரசியல் வேண்டாம்."

சரி, வேண்டாம். கார் கதையே பேசுவோம். 1908-ல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. விலை இறங்க இறங்கச் சாதாரணக் குடும்பங்களும் கார் வாங்கின, கறுப்பினக் குடும்பங்கள் உட்பட. ரயிலில் தனிப் பெட்டியில் அடைபட்டவர்களுக்குச் சொந்த வண்டி என்றால் சும்மாவா? ஆனால் பல பெட்ரோல் பங்க்குகளில் இவர்கள் வண்டிக்குப் பெட்ரோல் போடுவார்கள், கழிப்பறைக்குள் விடமாட்டார்கள். இருட்டுவதற்குள் ஊரைவிட்டுப் போ என்று பலகையே வைத்த ஊர்கள் இருந்தன. டிக்கியில் சோறு, தண்ணீர், கேனில் பெட்ரோல். கூடவே ஒரு டிரைவர் தொப்பி. போலீஸ் மறித்தால் "முதலாளி வண்டிங்க" என்று சொல்ல. சொந்தக் காசில் வாங்கிய காருக்கு!

கறுப்பினப் பயணிகள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று 1936-ல் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் ஒரு கையேடு போட வேண்டியிருந்தது. எஸ்ஸோ என்ற எண்ணெய் நிறுவனத்தின் பெட்ரோல் பங்க்குகளில் விற்ற புத்தகம் அது. சுற்றுலாக் கையேடுதானே ஐயா, இதில் எங்கே அரசியல்?

"அந்த ரோட்டால் எத்தனை ஊர் பிழைத்தது தெரியுமா?" என்பீர்கள். தெரியும். பங்க், மோட்டல், சாப்பாட்டுக் கடை என்று பிழைத்தன. ஒக்லஹோமாவில் லூதர் பக்கம் த்ரெட் என்ற கறுப்பினக் குடும்பமும் அதே சாலையில் பங்க் நடத்தியது. உங்கள் நீண்ட பதிவில் அதற்கு ஒரு வரி இல்லையே?

"அதான் 1964-ல் அங்கே பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்துவிட்டதே" என்பீர்கள். நமக்கு 1950-லேயே அரசியலமைப்பில் வந்துவிட்டது சார். கல்யாணமான புதிதில் ஒரு மலை ஊர் லாட்ஜில் ரிஜிஸ்டரில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். எந்த ஊர் என்றார் லாட்ஜ்காரர், சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்றார். அதையும் சொன்னேன். "ரூம் ஃபுல் சார்." அவர் முதுகுக்குப் பின்னால் பலகை நிறையச் சாவி. மனைவி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

அட்மினை விடுங்கள், அவர் யாரோ. "சரியான முடிவு" என்று அங்கே கைதட்டியவர்களில் சிலர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். நூற்றாண்டு டூருக்கு ஆள் சேர்க்கிறார்களாம். தாராளமாகப் போய் வாருங்கள், படம் போடுங்கள். என் லைக்கை எதிர்பார்க்காதீர்கள்.