மூன்றாவது முறையும் வாய் தவறுமா?

சனிக்கிழமை விருது விழா மேடையில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. காணொளியை ஆளாளுக்குப் பகிர்ந்துவிட்டீர்கள். விருது வாங்க வந்தவர் ஒரு திருநம்பி, அதாவது பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர். தொகுப்பாளர் அதற்கு நேர்மாறாக "திருநங்கை" என்று அழைத்தார். கீழே இருந்து ஒருவர் எழுந்து திருத்தினார். மறுபடியும் "திருநங்கை". விருது பெற்றவரே குனிந்து ஒலிவாங்கியில் "திருநம்பி" என்றார். "சரி சரி" என்று சிரித்துவிட்டு, "நம் சகோதரிக்குப் பலத்த கைதட்டல்" என்றார் அந்த மனிதர். நேற்று விழாக் குழுவின் வருத்த அறிக்கை வந்தது. அதிலும் "சகோதரியின் மனம் புண்பட்டிருந்தால்" என்றுதான் இருக்கிறது.

இதில் எது வாய் தவறியது?

இருபத்திரண்டு ஆண்டுகளாக அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள், அதாவது அச்சேறும் முன் பிழை திருத்துகிறவள் நான். முதல் படியில் இருப்பது பிழை. சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்த பிறகும் அடுத்த படியில் அப்படியே வந்தால் அதற்குப் பெயர் பிழை அல்ல, திமிர்.

"நங்கை, நம்பி... ஓர் எழுத்துதானே வித்தியாசம், இதற்கா இவ்வளவு கூச்சல்?" என்று என் நண்பர் ஒருவரே எழுதியிருக்கிறார். முதல் எழுத்தைத் தவிர எல்லாமே வேறு, ஐயா. எண்ணிப் பாருங்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயருக்கு முன்னால் "திருநிறைச்செல்வி" என்று அச்சாகிவிட்டது. உண்மையிலேயே எழுத்துப் பிழைதான். என் கண்ணில் படாமல் தப்பியது. பையனின் தாய்மாமா அறுநூறு பத்திரிகைகளையும் மஞ்சள் பையோடு கொண்டுவந்து மேசையில் கொட்டினார். "எங்கள் பையனை என்னவென்று நினைத்தீர்கள்?" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்த்த டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மறுநாள் காலைக்குள் எங்கள் செலவில் புதிதாக அடித்துக் கொடுத்தோம். "ஓர் எழுத்துதானே, விடுங்கள் மாமா" என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடிதான் விழுந்திருக்கும்.

நான் திருநெல்வேலி மாவட்டத்துத் திருக்குறுங்குடிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் பெருமாளே நம்பிதான். நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி என்று சேவிக்கிறோம். தெருவில் நின்று "நம்பி" என்று கூப்பிட்டால் நான்கு ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களுக்கு இது ஆணின் பெயர் என்பதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"புதிது புதிதாகச் சொல் கண்டுபிடித்தால் சாமானியன் என்ன செய்வான்?" என்கிறார்கள். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசே இவர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் விடாமல் கேட்டதால் வந்த பட்டியல் அது. யுபிஐ, ஜிஎஸ்டி, ஓடிபி எல்லாம் சாமானியனின் நாக்கில் சரளமாகப் புரள்கின்றன. நம்பி மட்டும் சிக்கிக்கொள்கிறதாம்.

ஒரு முனைவர் வந்து, நன்னூல் இலக்கணத்திலேயே திருநங்கை, திருநம்பி போன்றவர்களை அஃறிணை போலச் சொல்லலாம் என்று இருக்கிறதே என்று கேட்டார். இருக்கிறது, மறுக்கவில்லை. அது அந்த நூற்பாவின் கடைசி அடி. அதற்கு முன், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவர் ஆண்பால் என்று நன்னூலை எழுதிய பவணந்தியார் சொல்வதை எங்கே விட்டீர்கள்? எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சமண முனிவருக்குப் புரிந்த பால் பாகுபாடு, ஒலிபெருக்கி வைத்த மேடையில் உங்களுக்குப் புரியவில்லை. கடைசி அடியை ஏன் எழுதினார் என்று அவரிடமே போய்க் கேளுங்கள்.

இத்தனைக்கும் பயமாக இருந்தால் "அவர்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவர் வந்தார், அவர் வாங்கினார். ஆணா பெண்ணா என்று வினைமுற்று காட்டிக்கொடுக்காது. இப்படி ஒரு சொல்லை இலவசமாக வைத்துக்கொண்டு, வலிந்து போய் "சகோதரி" என்று சொல்ல ஒரு முனைப்பு வேண்டும்.

ஒரு மறுப்பை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு திருநங்கை தொலைபேசியில் கேட்டார்: "திருநங்கை என்று சொன்னதை ஏதோ வசைச்சொல்லைச் சொன்னது போல எழுதுகிறீர்களே அக்கா, நாங்கள் அந்தச் சொல்லை வாங்க என்ன பாடுபட்டோம் தெரியுமா?" கூசிப்போனேன். தெருவில் அடி வாங்கி, காவல் நிலையத்தில் அடி வாங்கி, 2008-இல் நல வாரியம் வந்தது அவர்களால்தான். அந்தச் சொல் கௌரவமான சொல். அதனால்தான் அதை அதற்கு உரியவருக்குக் கொடுங்கள் என்கிறேன். எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதற்கு அவர்கள் அதை வாங்கவில்லை. ஏப்ரல் 15 வந்தால் "திருநங்கையர் தின" வாழ்த்து பறக்கிறது. அன்று திருநம்பி எந்த மூலையில் நிற்பான்?

"அவரே சிரித்துக்கொண்டுதானே வாங்கினார், உனக்கு என்ன?" என்பவர்களுக்கு: அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இருக்கிறது.

என் அக்கா மகன் திருநம்பி. முதல் இரண்டு ஆண்டு நானும் தடுமாறினேன். திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், பெண்பிள்ளையை ஏட்டி என்போம், பையனை ஏலே என்போம். பத்தொன்பது வருடம் ஏட்டி என்று கூப்பிட்ட நாக்கு. தவறும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். எண்பத்தொரு வயது ஆச்சி என்ன செய்தாள் தெரியுமா? இலக்கணம், அரசிதழ் எதுவும் தெரியாதவள். அவன் முடி வெட்டிக்கொண்டு வந்த அன்று திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரு நிமிடம் பார்த்தாள். "இனிமேல் உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டாள். அவன் சொன்னான். காம்பு கிள்ளுவதை நிறுத்தாமலே, "ஏலே, சாப்பிட்டுவிட்டுப் போ" என்றாள். அவ்வளவுதான். அவன் அடுக்களைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று உள்பெட்டியில் கேட்கும் கனவான்களே, அடையாளத்துக்கு அறுவைச் சிகிச்சை தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவரின் உடம்பைப் பற்றி விசாரிக்கும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

போன மாசியில் அவனுக்குக் கடைவாய்ப் பல் வலி. ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். சீட்டில் பழைய பெயர். அடையாள அட்டை இன்னும் மாறவில்லை. முதலில் வரவேற்பில் சொன்னோம், தயவுசெய்து எண்ணைச் சொல்லி அழையுங்கள் என்று. தலையாட்டினார்கள். பிறகு கதவைத் திறந்து அந்தப் பழைய பெயரையே உரக்கக் கூப்பிட்டார்கள். தாடி வைத்த பையன் எப்படி எழுவான்? இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை. கூடம் முழுவதும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவன் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். சனிக்கிழமை மேடையில் பார்த்தீர்களே, அதே சிரிப்பு. "வா சித்தி, வலி குறைந்துவிட்டது" என்று எழுந்து வெளியே போய்விட்டான். குறையவில்லை. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டே வந்தான்.

கருத்துப் பெட்டியை மூடவில்லை. "ஓர் எழுத்துதானே" என்று வருகிறவர்கள் தாராளமாக வரலாம். வரும்போது, தம் மகன் கல்யாணப் பத்திரிகையில் "திருநிறைச்செல்வி" என்றே அச்சிடச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரட்டும். மெய்ப்பு நான் இலவசமாகப் பார்த்துத் தருகிறேன்.