ஒரு முழம் மல்லிகை

கணவரை இழந்த பெண்கள் முதலில் யோகா, தோட்டம் என்று எதிலாவது மனதைத் திருப்ப வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் எனக்கு மனசு தேறத் தொடங்கியது காகிதங்களில்.

மும்பை மாட்டுங்காவில் 22 வருஷமாக இருக்கிறேன். 2019-ல் அவர் மாரடைப்பில் போனபோது அவருடைய பி.எஃப். நம்பர்கூட எனக்குத் தெரியாது. பி.எஃப். பிடிக்கப்படும் ஊழியர்களுக்கான ஓய்வூதியத் திட்டமான இபிஎஸ்-95-ல் இருப்பவர் வேலையில் இருக்கும்போதே இறந்தால், ஒரு மாதப் பணம் கட்டியிருந்தாலே மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. பக்கத்து வீட்டு மாமி சொல்லித்தான் தெரிந்தது. அந்த ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் 10டி படிவத்தை நானே நிரப்பி, வரிசையில் நின்று, அரைகுறை இந்தியில் பேசிக் கொடுத்துவிட்டு வந்த அன்றுதான் ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகப் பசித்தது.

வீடு அவர் பெயரில் இருந்தால் ஒன்று கவனியுங்கள். நாமினி, அதாவது அவருக்குப் பின் பெற்றுக்கொள்ள அவர் பதிந்து வைத்த ஆள், என்பதாலேயே யாரும் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது. உயில் இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், அவருடைய அம்மா எல்லாருக்கும் சம பங்கு. யார் எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், பூ. எட்டு மாதம் கோயில் பக்கமே நான் போகவில்லை. போன அன்று பூக்காரம்மா வழக்கம்போல ஒரு முழம் மல்லிகை அளந்து இலையில் வைத்து நீட்டினார். தயங்கினேன். "சின்ன வயசுலேர்ந்து வச்ச பூதானேம்மா, அவரா வந்து குடுத்தாரு?" என்றார். வைத்துக்கொண்டேன். வீட்டில் மாமியார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஹேர்பின்னை அவரே எடுத்துத் தந்தார்.