ரோமானியச் சாலைகள் பராமரிப்பின்றி நிற்கவில்லை
ரோமானியச் சாலைகள் ஈராயிரம் ஆண்டுகளாகப் பழுதுபார்ப்பே இல்லாமல் நிலைத்திருக்கின்றன என்று சொல்லி, இன்றைய நெடுஞ்சாலைகளை அவற்றோடு ஒப்பிடுவோர் உண்டு; அது சரியன்று. ரோமிலிருந்து தெற்கே செல்லும், கி.மு. 312இல் தொடங்கப்பட்ட அப்பியா சாலைகூட முதலில் சரளைச் சாலையாக இருந்து, பின்னர்தான் படிப்படியாகக் கல் பாவப்பட்டது. முதல் ரோமானியப் பேரரசரான அகஸ்டஸ் காலத்திலிருந்து இத்தாலியின் முக்கியச் சாலைகளைக் கண்காணிக்கத் தனி அதிகாரிகள் இருந்தனர். பேரரசர்கள் தாங்கள் செப்பனிட்டதை மைல்கற்களில் தம் பெயரோடு பொறித்தும் வைத்தனர் (விளம்பர ஆசை அன்றும் குறைவில்லை). மாட்டுவண்டியும் பாதசாரிகளும் சென்ற சாலையைக் கனரக லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. பல இடங்களில் நிலைத்தது கல் அன்று, வழித்தடமே: கி.மு. 187இல் வட இத்தாலிய நகரங்களான ரிமினிக்கும் பியாசென்சாவுக்கும் இடையே அமைக்கப்பட்ட எமிலியா சாலையின் தடத்தையே இத்தாலியின் 9ஆம் எண் நெடுஞ்சாலை இன்றும் பெரும்பாலும் பின்பற்றுகிறது.