கைகுலுக்கும் போட்டோவும் கவுண்டர் வரிசையும்

நம் பல்கலைக்கழகங்களை உலகத் தரத்துக்கு உயர்த்துவதாகப் பேச்சு வந்தால் கூடவே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்ட ஒரு போட்டோ வரும். இரண்டு நாட்டுக் கொடி, நடுவில் தோல் அட்டை போட்ட ஃபைல், பொன்னாடை, கைகுலுக்கல். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல்கலைக்கழகப் பரீட்சைப் பிரிவு கவுண்டர்தான் ஞாபகம் வருகிறது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தாள். அப்பாவுக்கு இஸ்திரி வண்டி. ஜெர்மனியில் எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்றாள். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஓராண்டுச் சாப்பாட்டுச் செலவுக்கென்று 11,904 யூரோவை, மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற 'முடக்கிய' வங்கிக் கணக்கில் போட்டுக் காட்டினால்தான் பெரும்பாலும் விசா. அதற்கு அவள் மாமா வீட்டுப் பத்திரத்தையே எடுத்துக் கொடுத்தார். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். கட்டணம் 18,000 ரூபாய், அதையும் எப்படியோ கட்டியாயிற்று. எல்லாம் தாண்டி வந்தவளை நிறுத்தியது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா செமஸ்டர் மார்க்கையும் தொகுத்துப் பல்கலைக்கழகம் தரும் சான்று.

சலான் கட்டி விண்ணப்பித்தோம். 'அடுத்த வாரம் வாங்க' என்றார்கள். போனோம். செக்‌ஷன் சார் லீவு. மறுபடி போனோம். ஒருவழியாகக் கையில் வந்த தாளில், தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் எத்தனை மதிப்பெண் என்பது எங்கேயும் இல்லை.

இது சின்ன விஷயம் இல்லையா என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். நம் மதிப்பெண்ணை ஜெர்மன் கணக்குக்கு மாற்ற பவேரியன் ஃபார்முலா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் 1 என்றால் முதல்தரம், 4 என்றால் தப்பித்தோம் பிழைத்தோம். முழு மதிப்பெண்ணும் தேர்ச்சி மதிப்பெண்ணும் தெரிந்தால்தான் அது ஓடும். இவள் 72 சதவீதம். தேர்ச்சி 40 என்று போட்டால் 2.4 வருகிறது. 50 என்று போட்டால் 2.68. பல படிப்புகளுக்கு வாசல் 2.5-இல் மூடிவிடும். அதே பெண், அதே மார்க். அச்சடிக்காமல் விட்ட ஒரு எண்ணுக்காக உள்ளேயா வெளியேயா என்று நிற்கிறாள். அதற்குத் தனியாக ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்குத் தனியாக ஒரு அலைச்சல்.

அப்புறம் பாடத்திட்டம். எந்தத் தாளில் என்ன படித்தாய், எத்தனை மணி நேரம், ஆய்வகத்தில் என்ன செய்தாய் என்று அங்கே கேட்கிறார்கள். நம் பாடத்திட்டத்தைப் பார்த்திருப்பீர்கள்: அலகு ஒன்று, ஒரு தலைப்பு, ஒரு கோடு, அடுத்த தலைப்பு, மறுபடி கோடு. ஊசல் படித்தாளா, ஊசலை ஆட்டிப் பார்த்தாளா என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அந்த ஜெராக்ஸ் கட்டில் பக்கத்துக்குப் பக்கம் சீல் வாங்கினோம். விண்ணப்பிக்க ஜூலை 15 கடைசித் தேதி. தேர்ச்சி மதிப்பெண்ணைச் சொல்லும் அந்தக் கடிதம் ஆகஸ்டில் வந்தது.

கவுண்டரில் இருந்தவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தனை கல்லூரிக்கும் அங்கே மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐரோப்பாவில் 1987-இல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கினார்கள். வேறு நாட்டில் ஒரு செமஸ்டர் படித்தால் அது சொந்த ஊர்ப் பட்டத்தில் கணக்காக வேண்டும் என்பதுதான் அதன் உயிர். ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட் என்று பொது அளவுகோல் வைத்தார்கள். சுவாரசியமே இல்லாத எழுத்தர் வேலை. அப்படிச் செய்ததால் பிள்ளைகள் நாடு விட்டு நாடு போய்ப் படித்துவிட்டு மார்க்கோடு திரும்பினார்கள். நாம் கொடியிலிருந்து தொடங்குகிறோம். சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் சான்சிபாரில் வளாகமே திறந்தது, சந்தோஷம். ஆனால் அரசு கலைக் கல்லூரிப் பிள்ளைக்கு அது வேறு கிரகம்.

எல்லோரும் வெளிநாடு போக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் போகப்போவதும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியக் கம்பெனியும் தைவான் கம்பெனியும் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சுற்றியுள்ள அரசுக் கல்லூரிகளில் பகுதி நான்கில், அதாவது முதன்மைப் பாடத்துக்கு வெளியே உள்ள தாள்களில், ஏதோ ஒன்றை ஒப்பேற்றுவதற்குப் பதில் கொரிய மொழி வைத்தால் என்ன? தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சி மாதிரித் திட்டம் கையில் இருக்கும்போது இது முடியாத காரியமா?

அவள் இப்போது ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறாள். அடுத்த முறை விண்ணப்பிப்பாள். பரீட்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி: அந்த 40-ஐ மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சடிக்க வேண்டும் என்றால் யாருக்கு மனு எழுத வேண்டும்? கமெண்டில் சொல்லுங்கள், நானே எழுதுகிறேன்.