துணைக்கு ஆள் இல்லாதவளுக்கு மயக்க ஊசி கிடையாதா?

மூன்று வாரமாக நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். இன்று கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

எனக்கு வயது 58. மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீடொன்றில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமாகி ஆறு வருடமாகிறது. மகன் சிங்கப்பூரில், மகள் கைக்குழந்தையோடு ஈப்போவில். அரசாங்கக் கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்தபோது கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருப்பதாகச் சொல்லி, தீவில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் காத்திருந்த பிறகு கொலோனோஸ்கோபிக்கு, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு, தேதி கிடைத்தது. செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி.

கவுன்ட்டரில் முதல் கேள்வியே, "கூட யார் வருகிறார்கள்?" என்பதுதான். மயக்க ஊசி வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் வந்து, முடியும்வரை இருந்து, கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டும். ஆள் இல்லையென்றால் ஊசி இல்லாமல் செய்துகொள்ளலாம், இல்லையேல் தேதியை மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உள்ளே இரத்தம் கசிகிறது என்று சொன்னவர்களே இதையும் சொல்கிறார்கள்!

விதி தவறென்று நான் சொல்லவில்லை. அந்த மருந்தின் தாக்கம் மறுநாள் வரை இருக்கலாம், தனியாக அனுப்ப முடியாது, புரிகிறது. ஆனால் வேலை நாளில் யாரை அழைத்துவருவேன்? மேல்மாடி அக்கா நாள் சம்பளத்துக்குப் போகிறவர். என்னோடு வந்தால் அன்றைய ரிங்கிட் அவருக்குக் கிடையாது. ஓர் இரவு வார்டில் படுக்க இடம் தாருங்கள் என்று கெஞ்சினேன். கட்டில் இல்லையாம். ஊசி வேண்டாம் என்று நானே விரும்பிக் கேட்டதுபோல் ஒரு தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். "கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், ஆண்ட்டி. அவ்வளவுதான்" என்றார் அங்கிருந்த பெண்.

அவர்கள் கொடுத்த விளக்கத் தாளில் நார்ச்சத்து குறைந்த உணவு என்று மலாயில் ஒரு வரி இருந்தது, கீழே ரொட்டி, கஞ்சி, மீன் என்று நான்கு படங்கள். தமிழ்க் குடும்பத்தின் அடுப்பில் எது ஆகும், எது ஆகாது என்று அதில் ஒரு சொல் கிடையாது. கீரை, முருங்கைக்காய், பருப்பு மட்டுமா? தக்காளி விதை, தாளித்த கடுகு, சீரகம்கூடக் குடலில் ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும். சிராப் குடிக்கக் கூடாது, சிவப்புச் சாயம் உள்ளே இரத்தம்போலத் தெரியும். நான் இரும்புச்சத்து மாத்திரை விழுங்குகிறவள். அதை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மலம் கறுத்து ஒட்டிக்கொள்ளும். இதை யார் சொன்னது? மருத்துவமனையா? இல்லை, தற்செயலாகப் பேச்சுக் கொடுத்த பக்கத்து மருந்துக்கடைக்காரர்! அவரைக் கேட்காமல் இருந்திருந்தால் குடல் சுத்தமாகவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள், குற்றமும் என் தலையில்தான் விழுந்திருக்கும்.

பேதிப் பொடி மூன்று பொட்டலம். ஒவ்வொன்றையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், மாலையில் இரண்டு, விடியற்காலை மூன்று மணிக்கு ஒன்று. உப்பும் பழச்சுவையும் கலந்த வழவழப்பு தொண்டையில் இறங்க மறுக்கிறது. குளிரவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, இடையிடையே பால் சேர்க்காத தேநீரைக் குடித்து ஒப்பேற்றினேன். மூன்றாவது லிட்டரில் பாதி போவதற்குள் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த நிலையில் ஆறரை மணிக்குக் கிளம்பிப் பாலத்தைக் கடக்க வேண்டும். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். காலை நேர நெரிசல் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பாலத்தில் வண்டிகள் அசையவில்லை. இரண்டு பக்கமும் கடல். என் வயிறோ இன்னும் ஓயவில்லை. பெரியவர்களுக்கான பேம்பர்ஸ் அணிந்து, மேலே கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு, ஓட்டுநர் பார்க்காதபடி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கரையிலிருந்து வருகிறவர்களுக்குப் பத்து மணிக்கு மேல் நேரம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? என் முகவரி அவர்கள் கோப்பிலேயே இருக்கிறது.

உள்ளே இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். முதலில் தாங்கும்படிதான் இருந்தது. பிறகு குடலை விரிக்கக் காற்றை ஊதினார்கள். அடிவயிற்றின் இடப்பக்கம் குடல் வளைந்து கிடக்கும் இடத்தில் குழாய் திரும்பவில்லை, குடலையே இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள் நான், வலி எனக்குப் புதிதல்ல. ஆனால் பிரசவ வலி வந்து வந்து போகும். இது போகவே இல்லை. தாதி உள்ளங்கையை என் அடிவயிற்றில் பதித்து முழு பலத்தோடு அழுத்தினார். அவர் கையுறையின் விரல் நுனியில் ஜெல் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

"சாக்கிட், டாக்டர். பெர்ஹெந்தி செக்கெஜாப்" என்றேன். வலிக்கிறது, ஒரு நிமிடம் நிறுத்துங்கள் என்று அவருக்குப் புரிகிற மொழியில், தெளிவாகச் சொன்னேன். "சிக்கிட் லாகி, ஆண்ட்டி" என்றார். இன்னும் கொஞ்சம்தானாம். எட்டு முறை அதையே சொன்னார், எண்ணினேன். ஒருமுறைகூடக் கை நிற்கவில்லை. நடுநடுவே பயிற்சி மருத்துவரிடம் திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அங்கே படுத்திருந்தது நான். என்னிடம் பேச அவருக்கு அந்த இரண்டு சொற்கள் போதுமானதாக இருந்தன.

கடைசியில் இரண்டு பாலிப்களை, குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதைக் கட்டிகளை, கண்டுபிடித்துக் கம்பிக் கண்ணியால் அறுத்து எடுத்தார்கள். அது துளியும் வலிக்கவில்லை. குடலின் உட்பரப்பை அறுத்தால் வலி தெரியாது, குடலை இழுத்து உப்பவைத்தால்தான் உயிர் போகும். இதையெல்லாம் வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாதாரணக் காற்றுக்குப் பதில் கரியமில வாயுவை ஊதினால் உடம்பு அதைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும், உப்புசம் குறையும். தண்ணீரைச் செலுத்தி மெல்ல முன்னேறும் முறையில் மயக்க ஊசி இல்லாதவர்களுக்கு வலி குறைகிறது. பிரசவ அறையில் முகமூடி வைத்துக் கொடுக்கிறார்களே ஒரு வாயு, அதைப் பிரிட்டனில் இந்தப் பரிசோதனைக்கும் கொடுக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அதன் தாக்கம் தெளிந்துவிடும், துணை இல்லாமலே வீட்டுக்குப் போகலாம். நார்வேயில் ஏராளமானவர்கள் ஊசி இல்லாமலே செய்துகொள்கிறார்கள், ஆனால் கேட்ட நிமிடமே மருந்து தருகிறார்கள். ஊசி இல்லாமல் செய்வதே கொடுமை என்று நான் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கை இருந்திருந்தால் நானும் தாங்கியிருப்பேன்.

என் வலியோடு இது முடிந்துவிடுகிற விஷயமும் அல்ல. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில், மலேசிய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோய்தான் முதலிடம். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடி இதுதான். பாலிப் புற்றாக மாறப் பல வருடம் எடுக்கும், அதற்குள் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். எனக்கு எடுத்துவிட்டார்கள், அதற்கு நன்றி உண்டு. மேல்மாடி அக்காவுக்கும் மலப் பரிசோதனையில் இரத்தம் இருந்தது. நான் அன்று பிற்பகல் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறியதை அவர் பார்த்துவிட்டார். "எனக்கு வேண்டாம், தங்கச்சி" என்கிறார். எத்தனை சொல்லியும் அசையவில்லை. நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனால், எட்டு முறை "சிக்கிட் லாகி" சொன்னவர் வந்து பதில் சொல்வாரா?

மூன்று வருடம் கழித்து மீண்டும் வரச் சொல்லி அட்டை கொடுத்தார்கள். தேதிக்குக் கீழே, துணைக்கு ஒருவரைக் கட்டாயம் அழைத்து வரவும் என்று முத்திரை குத்தியிருந்தது. "யாரை?" என்று அந்தக் கவுன்ட்டரிலேயே நின்று கேட்டேன். அந்தப் பெண் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.