பாத்திக் யாருக்கும் பட்டா போடப்படவில்லை

மெழுகால் கோடு வரைந்து துணிக்குச் சாயமேற்றும் கலைதான் பாத்திக். “பாத்திக் இந்தோனேசியாவுக்கே சொந்தம் என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது, இனி வேறு நாட்டுப் பள்ளிகள் கற்றுத்தரக் கூடாது” என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு.

2009-இல் இந்தோனேசிய பாத்திக், யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியல் யாருக்கும் தனியுரிமை தருவதில்லை. மலேசியாவிலும் இலங்கையிலும் பாத்திக் தொழில் தாராளமாக நடக்கிறது.

இதில் பலர் கவனிக்காத சேதி ஒன்று உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான். அதே 2009-இல், ஜாவாவின் பெக்கலோங்கான் நகரப் பள்ளிகளில் அங்குள்ள பாத்திக் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து நடக்கும் பாத்திக் வகுப்புகளை, மரபைக் காக்கும் நல்ல முறை என்று யுனெஸ்கோ தனியாகவே பதிவு செய்தது. பேனா போன்ற ‘சாந்திங்’கின் சின்னச் செம்புக் கிண்ணத்தில் உருகிய மெழுகை மொண்டு, துணியில் கோடு இழுப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. யுனெஸ்கோ பாராட்டியது இப்படிச் சொல்லிக்கொடுப்பதைத்தான், எங்கும் தடுக்கவில்லை.