இரண்டு கோடிப் பாம்பு

போன வாரம் சித்தி மகன் போன் செய்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, நம்ம தேரிப் பக்கம் மண்ணுளி கிடைக்குமா? மூணு கிலோ இருந்தா கோடிக்கணக்குல எடுக்க ஆள் ரெடியா இருக்கு" என்றான். பி.இ. படித்தவன்.

எங்கள் ஆச்சி காலத்தில் இதே பாம்புக்கு வேறு கதை. அது நக்கினால் குஷ்டம் வரும் என்பார்கள். தேரி என்கிற செம்மணல் மேட்டில் தென்பட்டால் மண்வெட்டியால் ஒரே போடு. நக்கவும் செய்யாது, அதற்கு விஷமும் கிடையாது. மணலுக்குள் புதைந்து கிடந்து, பக்கத்தில் வரும் எலியைச் சுற்றி இறுக்கித் தின்னும், அவ்வளவுதான். கண் குண்டூசித் தலை அளவு. மணல் புகாதபடி வாய் முகத்துக்கு அடியில் இருக்கும். முட்டையிடாமல் குட்டி போடும்.

'இருதலை மணியன்' என்ற பெயர்தான் அதற்கு வினை. வால் தலையைப் போலவே மழுங்கி இருக்கும். ஆபத்து வந்தால் சுருண்டு, தலையை அடியில் ஒளித்து வாலைத் தூக்கிக் காட்டும். கடியோ கொத்தோ வாலில் விழட்டும், தலை தப்பட்டும் என்ற கணக்கு. பாம்பாட்டிகள் அந்த வாலில் கண்ணும் வாயும் கீறி ஊரை ஏமாற்றியதும் உண்டு. பாவம், எதிரியை ஏமாற்றக் கற்றதற்கு மனிதனிடம் மாட்டிக்கொண்டது!

1801-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் பாட்ரிக் ரஸ்ஸல். ஆமாம், கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் அதே ரஸ்ஸல்தான். தரங்கம்பாடியில் இருந்த மதபோதகர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் நினைவாக 'ஜானியை' (johnii) என்று வைத்தார். இத்தனை காலமாக நமக்குத் தெரிந்த பாம்பு திடீரென்று எப்படிக் கோடீஸ்வரன் ஆனது?

எய்ட்ஸுக்கு மருந்து, வீட்டில் வைத்தால் செல்வம், உடம்பில் இரிடியம் என்று ஆளாளுக்கு ஒரு புளுகு. எடைக்கு விலை என்பதால் வாய்க்குள் இரும்புக் குண்டு திணித்த கொடுமையும் நடந்திருக்கிறது. பிடித்தாலும் விற்றாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எனக்கு இந்தப் புரோக்கர்களைவிடப் பத்திரிகைகள் மீதுதான் கோபம். 'ரூ.2 கோடி மதிப்புள்ள மண்ணுளிப் பாம்பு பறிமுதல்' என்று போடுகிறார்களே, அந்த மதிப்பை யார் போட்டது? பிடிபட்ட திருடன் சொன்ன விலைதானே! கள்ளநோட்டைப் பிடித்தால் 'மதிப்புள்ள' என்று எழுதினாலும் அது கள்ளநோட்டு என்றாவது சொல்வார்கள். இங்கே அதுவும் இல்லை. விலையைப் போடாமல் 'மோசடிக் கும்பல் கைது' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தம்பியிடம் கேட்டேன். "சரி, கடைசியா அதை வாங்குறவன் யாரு? வாங்கி என்ன செய்வான்?"

"அதெல்லாம் மேல போயிரும்ணே."

"மேலன்னா எங்க?"

போனை வைத்துவிட்டான். அரை மணி நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தித்தாள் படம் வந்தது. நாலு பேர் கைதாகித் தலைகுனிந்து நிற்கிறார்கள். தலைப்பில் இருந்த '2 கோடி'யை மட்டும் சிவப்பில் வட்டம் போட்டு, கீழே எழுதியிருந்தான்: "பேப்பர்லயே போட்டிருக்கான், பாருங்கண்ணே."